மூணு வளையம் போட்ட வயர்

போதும் தம்பி, போதும், காலை எடுங்க. அப்படிப் போட்டு மிதிச்சா அது எங்க வலிக்குதுன்னு சொல்லாது, கத்தத்தான் செய்யும். சும்மா விடுங்க. தானா ஓடட்டும்.

கேக்குதா? டுப் டுப் டுப்… ஒண்ணு விட்டுப் போச்சு. மறுபடி டுப் டுப் டுப்… நாலு பேர் தூக்க வேண்டிய பீரோவை மூணு பேர் தூக்குறாங்க. நாலாவது ஆளு சும்மா கையை மட்டும் வச்சிக்கிட்டு கூட நடந்து வர்றான். மிஸ்ஸிங்தான், சந்தேகமே இல்ல. எந்த சிலிண்டருன்னு பாக்கணும், ஏன்னு பாக்கணும். ஏன்னு பாக்குறதுலதான் நேரம் போகும்.

இல்ல, வேற மெக்கானிக் யாரும் உள்ள இல்ல. நான்தான். எட்டி எட்டிப் பாக்காதீங்க, கழுத்து சுளுக்கிக்கும். பரவாயில்ல, எல்லாரும் பாக்குறதுதான். ஒருத்தர் அரை மணி நேரம் என்கிட்ட கார்புரேட்டர் கதையெல்லாம் பேசிட்டு, சரிம்மா, மெக்கானிக் எப்ப வருவாருன்னு கேட்டாரு. சாயங்காலம் வருவாருன்னு சொல்லி அனுப்பிட்டேன். சாயங்காலம் வந்தாரு, வண்டி ரெடியா நின்னுச்சு. எடுத்துட்டுப் போயிட்டாரு. இன்னைக்கு வரைக்கும் அவருக்குத் தெரியாது.

சரி, வண்டியை அணைங்க. பானட்டைத் தூக்குவோம். லீவரை இழுங்க… வராது. இருங்க, இடது பக்கம் இந்த விளிம்புல ஒரு குத்து குத்தினா… ம், வந்துடுச்சு. எனக்கு எப்படித் தெரியும்னா? பழைய வண்டிங்க எல்லாம் அப்படித்தான். ஒவ்வொண்ணுக்கும் ஒரு இடத்துல அடி வேணும்.

யாருகிட்ட வாங்குனீங்க இதை?

ஓ. ஒரு அம்மாகிட்ட. தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி ரெண்டாவது தெருவா? பச்சைக் கதவு. ம். மூணு வாரம் ஆச்சா. அந்த அம்மாவே பேசி வித்தாங்களா? வீட்டுக்காரர் யாரும்…

ஓ.

எப்போ?

தவறி நாலு மாசம். சரி.

சரி, அந்தத் துணியைக் குடுங்க. அது இல்ல, அது எண்ணெய். பக்கத்துல காஞ்சது ஒண்ணு தொங்குது பாருங்க. ஆங். இதுக்கு முன்னாடி எங்கெங்க காட்டுனீங்க, சொல்லுங்க. ஒண்ணும் விடாம சொல்லணும். டாக்டர்கிட்ட மாத்திரைச் சீட்டைக் காட்டுற மாதிரி.

முதல் ஆளு பிளக்கை மாத்துனாரு. நாலும் புதுசு. சரி. ரெண்டாவது ஆளு காயிலும் கண்டென்சரும் மாத்துனாரு, போகல. மூணாவது ஆளு கார்புரேட்டரைக் கழட்டிக் கழுவிட்டு, எஞ்சினையே இறக்கணும்னாரா? நல்ல ஆளு. தலைவலிக்குத் தலையை எடுத்துட்டா வலி போயிடும். ஆயிரம் பேரைக் கொன்னவன் அரை வைத்தியன்னு சொல்லுவாங்க, அந்தக் கணக்குல இந்நேரம் அவரு முழு வைத்தியராவே ஆகியிருப்பாரு.

மேட்டுல ஏறும்போது அதிகமா அடிக்குதா? மழை பெஞ்ச மறுநாள் காலையில ஸ்டார்ட் ஆகவே மாட்டேங்குதா? இதை அந்த மூணு பேர்ல யாராவது கேட்டாங்களா? கேட்டிருக்க மாட்டாங்க. எதை மாத்தலாம்னுதான் பாப்பாங்க. எப்ப நொண்டுதுன்னு யாரும் கேக்குறதில்ல.

திரும்ப ஸ்டார்ட் பண்ணுங்க. பண்ணிட்டு இறங்கி இங்க வாங்க, ஒண்ணு காட்டுறேன். அந்தப் பக்கம் நிக்காதீங்க. கார்புரேட்டருக்கு மேல மூஞ்சியை நீட்டாதீங்க தம்பி, பின்னால வாங்க. இன்னும். ஆங், அங்க நில்லுங்க.

இப்ப ஒவ்வொரு பிளக் வயரா பிடுங்குறேன். சத்தத்தைக் கவனிங்க. ஒண்ணாவது… பாத்தீங்களா, இன்னும் மோசமா ஆயிடுச்சு. அப்போ அது நல்லா வேலை செய்யுற ஆளு. மாட்டியாச்சு. ரெண்டாவது… இதுவும் இறங்குது, ஆனா கொஞ்சம்தான். மாட்டியாச்சு. மூணாவது… ம்? ஒரு மாத்தமும் இல்ல. இருந்தா என்ன, போனா என்னன்னு ஓடுது. கையை மட்டும் வச்சிக்கிட்டு நடந்து வந்தவன் இவன்தான். நாலாவது… நல்லா இருக்கு. அணைச்சிடுங்க.

மூணாவது பிளக்கைக் கழட்டுறேன். இதுக்கு இந்த ஸ்பேனர் போகாது, மேனிஃபோல்டு இடிக்கும். சுவத்துல மூணாவது ஆணியில வளைஞ்ச ஸ்பேனர் ஒண்ணு இருக்கு, எடுத்துக் குடுங்க. ஆமா, இந்த வண்டிக்குன்னே வளைச்சதுதான். யாரு வளைச்சதுன்னா… ஒரு ஆளு. பழுக்கக் காய்ச்சி, வைஸ் இடுக்கியில குடுத்து, ஒரே மூச்சுல வளைச்சது.

பிளக்கு ஈரம். பெட்ரோல் வாசனை அடிக்குது, மோந்து பாருங்க. அப்போ பெட்ரோல் வருது, எரியல. கம்ப்ரஷன் பாக்குறேன்… நல்லா இருக்கு, மத்த மூணுக்கும் குறைச்சல் இல்ல. எஞ்சினை இறக்கணும்னு சொன்ன ஆளுகிட்ட இதைச் சொல்லுங்க. கரன்ட் பாக்கலாம். சாவியைத் திருப்புங்க… வருது. ஆனா எப்படி வருது பாத்தீங்களா? மஞ்சளா, இளைச்சுப் போய். நீலமா வரணும், சட் சட்டுன்னு சத்தம் வரணும். வழியில எங்கயோ கசியுது.

நாலு பிளக்குக்கும் கரன்டைப் பிரிச்சு விடுற டிஸ்ட்ரிபியூட்டர் இது, இதோட மூடியைத் திறந்து பாயின்டைப் பாத்துடுவோம். பாயின்டை யாரும் மாத்தலையே? நீங்கதான் மாத்தக் கூடாதுன்னு சொன்னீங்களா? ஒரிஜினலா இருக்கட்டும்னு. சரிதான். அந்தத் தகடு கட்டைக் குடுங்க, அதான், இலை இலையா இருக்கே, கேஜு… பாயின்ட் இடைவெளி பதினஞ்சு இருக்கணும்.

சுத்தமா பதினஞ்சு. ஒரு இழை கூடவும் இல்ல, குறையவும் இல்ல. இதை வச்சது உங்க மூணு பேரும் இல்ல தம்பி. அவங்க கை இந்த மாதிரி வைக்காது. கண்ணு தெரியுற யாரு கையும் இவ்வளவு பொறுமையா வைக்காது.

என்ன சொன்னேன்?

ஆமா. அவருக்குக் கண்ணு தெரியாது. அந்த அம்மா சொல்லலையா உங்ககிட்ட? ஒரு கண்ணு முழுசாப் போயிடுச்சு. இன்னொண்ணுல வெளிச்சம் இருக்கா இல்லையான்னு மட்டும் தெரியும். விரலால தடவித்தான் வச்சிருப்பான் இதை. தகட்டை உள்ள விட்டு, லேசா இழுத்து, பிடிக்குதா, வழுக்குதான்னு பாத்து. எத்தனை தடவை பாத்தானோ.

அண்ணன். எனக்குக் கூடப்பிறந்த அண்ணன்.

அட, நீங்க ஏன் எந்திரிக்குறீங்க? உக்காருங்க. இல்ல, எனக்கு யாரும் சொல்லல. இப்ப நீங்க சொல்லித்தான் தெரியும். அண்ணி மேல தப்பு சொல்ல முடியாது. நாலு மாசம் முன்னாடி மூணு தடவை போன் அடிச்சாங்க. ஒரே காலையில மூணு தடவை. நான் எடுக்கல. கை முழுக்க கிரீஸ்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அப்புறம் கை கழுவுனேன், அப்பவும் கூப்பிடல. எதுக்காக இருக்கும்னு தெரியாம இல்ல. எடுத்தாத்தானே நெசமாகும்.

வேணாம் தம்பி, இன்னொரு நாள் எல்லாம் வேணாம். வண்டி நொண்டிட்டு நிக்குது. ஞாயித்துக்கிழமை பழைய வண்டிங்க ஊர்வலம்னு சொன்னீங்களே. நான் உக்காந்து அழுதா மூணாவது சிலிண்டர் எரியப் போகுதா? கையில வேலை இருக்கும்போதே செஞ்சிடணும்.

இது எங்க வண்டிதான். நானும் அவனும் சேர்ந்து எழுப்புனது. வாங்கும்போது உள்ள கோழி அடை காத்துட்டு இருந்துச்சு, பொய் இல்ல, பின் சீட்டுல. கோழிக்காரர் குஞ்சு பொரிச்ச பிறகுதான் வண்டியைத் தருவேன்னுட்டாரு. மூணு வாரம் காத்திருந்து எடுத்துட்டு வந்தோம். ரெண்டு வருஷம். மத்தவங்க வண்டியை முடிச்சிட்டு, மிச்ச நேரத்துல இது. அவன் எஞ்சின், நான் லைட்டு, ஹாரன் வயரிங். அப்பா இருந்த காலத்துல என்னை ஷெட்டுக்குள்ளயே விட மாட்டாரு. அண்ணன்தான் சொன்னான், பாப்பாவுக்கு என்னை விடக் காது நல்லா கேக்கும்ப்பா, வண்டி கிட்ட நிக்கட்டும்னு. அப்படி நின்னவதான்.

பாப்பான்னுதான் கூப்பிடுவான். முப்பத்தெட்டு வயசுலயும். கஸ்டமர் முன்னாடியும். எனக்கு எரிச்சலா வரும்.

கண்ணு எப்படிப் போச்சுன்னா… இதோ, இந்த இடத்துலதான். பத்தொம்பது வருஷம் ஆச்சு. ரெண்டு வருஷ வேலை முடிஞ்சு, இந்த எஞ்சினை முதல் தடவையா ஸ்டார்ட் பண்றோம். புது எஞ்சின்ல பெட்ரோல் ஏறி வர நேரமாகும்னு, கார்புரேட்டர் வாயில கொஞ்சம் ஊத்துவாங்க. அண்ணன் ஒரு சின்ன பாட்டில்ல வச்சுக்கிட்டு ஊத்துறான். குனிஞ்சுதான் ஊத்தணும். நான் சீட்டுல உக்காந்திருக்கேன். திருப்பு பாப்பான்னான். திருப்புனேன்.

பிளக் வயர் ரெண்டு மாறிக் கெடந்துச்சு. ரெண்டாவதுக்குப் போக வேண்டியது மூணாவதுல, மூணாவது ரெண்டாவதுல. அப்படி மாறுனா என்ன ஆகும்னா, சிலிண்டர் வாயைத் திறந்து மூச்சு இழுக்கிற நேரத்துல உள்ள பொறி விழும். நெருப்பு திரும்பி வந்த வழியே வரும். கார்புரேட்டர் வழியா. அவன் கையில பாட்டில். மூஞ்சி அங்கதான் இருந்துச்சு, இப்ப நீங்க நீட்டுனீங்களே, அதே இடம்.

சத்தம் பெரிசா ஒண்ணும் இல்ல தம்பி. போர்வையை உதறுன மாதிரி ஒரு சத்தம். அவ்வளவுதான்.

பக்கத்துக் கடைக்காரங்க வந்தாங்க, மண்ணை அள்ளிப் போட்டாங்க, தூக்கிட்டு ஓடுனாங்க. அப்புறம் யாரோ வண்டியைப் பாத்துட்டு, வயர் மாறியிருக்குப்பான்னாங்க. இவ்வளவு தெரிஞ்ச ஆளு, இந்தச் சின்ன விஷயத்துல கோட்டை விட்டுட்டாரேன்னாங்க. ஆனைக்கும் அடி சறுக்கும்னாங்க. ஊரே அதைத்தான் சொல்லுச்சு.

அந்த மூடியைக் கொண்டாங்க, விரிசல் இருக்கான்னு பாக்குறேன். இல்ல. கார்பன் இருக்கு, ஸ்பிரிங் இருக்கு. மூடி சுத்தம். அப்போ மிச்சம் இருக்கறது வயர்தான். இதையும் யாரும் மாத்தல… ஒரிஜினலா இருக்கட்டும்னு. ம்.

இது என்ன?

இல்ல, இங்க, மூடி பக்கத்துல வயர்ல சுத்தியிருக்கே. அழுக்கு மண்டிக் கெடக்கு. கம்பெனியிலயே போட்டு வந்த கிளிப்புன்னா நெனச்சீங்க? எந்தக் கம்பெனியும் இப்படிப் போடாது. இது செப்புக் கம்பி. பழைய டைனமோவைப் பிரிச்சு எடுக்கற கம்பி. முடியளவு மெலிசா இருக்கும். இந்த வயர்ல ஒரு வளையம். இதுல… ரெண்டு. இதுல மூணு. இதுல நாலு.

கொஞ்சம் இருங்க தம்பி.

விரலால தடவிப் பாருங்க. கண்ணை மூடிக்கிட்டு. எண்ண முடியுதா? முடியும். அதுக்குத்தான். ஒண்ணாவது வயர், ரெண்டாவது வயர், மூணாவது, நாலாவது. இன்னொரு தடவை மாறிடக் கூடாதுன்னு.

எவ்வளவு இறுக்கமா முறுக்கியிருக்கான் பாருங்க. ரப்பரை அறுத்துட்டு உள்ள இறங்கியிருக்கு.

அவன் அப்படி இல்ல தம்பி, முன்னாடி. எதுலயும் திரும்பிப் பாக்கவே மாட்டான். நட்டை இறுக்குனா இறுக்குனதுதான். அந்தச் சம்பவத்துக்கு அப்புறம் கண்ணு போனது கூடப் பெரிசு இல்ல. கண்ணு இல்லாம எத்தனையோ பேர் வேலை செய்யுறாங்க. அவன் கை அப்படியே இருந்துச்சு, காது அப்படியே இருந்துச்சு. ஷெட்டுல உக்காந்து சத்தத்தைக் கேட்டு என்ன கோளாறுன்னு சொல்லியிருக்கலாம், நான் செஞ்சிருப்பேன். ரெண்டு பேரும் அப்படியே ஓட்டியிருக்கலாம். அவனுக்கு அவன் மேலயே நம்பிக்கை போயிடுச்சு. அதுதான் போச்சு. கதவைப் பூட்டுவானாம், படுத்துட்டு எந்திரிச்சு வந்து பூட்டுனேனான்னு பாப்பானாம். அடுப்பை அணைச்சேனா, அணைச்சேனா. சட்டைப் பொத்தானை மேல இருந்து கீழ எண்ணுவானாம். அண்ணி சொல்லுவாங்க. மத்தவங்க வண்டியைத் தொட மாட்டேன்னுட்டான். என் கையை நம்பி யாரும் குனியக் கூடாதுன்னான்.

ஒரே ஒரு தடவை இங்க வந்தான். வாசல்லயே நின்னான், உள்ள வரல. ஷெட்டை நீ வச்சுக்கோ பாப்பா, அந்த வண்டியை மட்டும் என் வீட்டுக்கு அனுப்பிடுன்னான். அனுப்பிட்டேன்.

நானும் போவேன், அவன் வீட்டுக்கு. முதல்ல வாரா வாரம் போனேன். காப்பி குடுப்பாங்க, உக்காந்திருப்போம். கொஞ்ச நேரம் கழிச்சு கேப்பான். எப்படி பாப்பா மாத்திப் போட்டேன் நான்? ஒவ்வொரு தடவையும் இதேதான். எரியுற வரிசை ஒண்ணு மூணு நாலு ரெண்டு, தூக்கத்துல எழுப்பிக் கேட்டாக் கூடச் சொல்லுவேனே, எப்படி மாத்திப் போட்டேன்? அண்ணி உள்ள இருந்து, விடுங்களேன், அவ வந்தாலே இதையே கேக்குறீங்கன்னு சத்தம் போடுவாங்க. நான் சுவத்தைப் பாத்துட்டு உக்காந்திருப்பேன். அப்புறம் மாசத்துக்கு ஒரு தடவை ஆச்சு. அப்புறம் நல்ல நாள் பெரிய நாளுன்னு ஆச்சு. அப்புறம் போகல. ஏழு வருஷம் இருக்கும்.

ஞாயித்துக்கிழமை தவறாம ஸ்டார்ட் பண்ணி ஓட விடுவாருன்னு சொன்னாங்களா அண்ணி? பத்து நிமிஷமா? எங்கயும் போக மாட்டாரு, நின்ன இடத்துலயே ஓடும்… ம். சீட்டுல உக்காருவாரா, பானட்டுகிட்ட நிப்பாரான்னு கேட்டீங்களா? இல்ல, நீங்க எதுக்குக் கேக்கப் போறீங்க. சும்மா கேட்டேன்.

சரி. எங்க கசியுதுன்னு கண்ணால பாத்துடலாம். அந்தத் தார்ப்பாயை எடுங்க. ஸ்டார்ட் பண்ணிட்டு வாங்க, பானட்டு மேல போத்திட்டு உள்ள இருட்டுல பாப்போம். இந்தப் பக்கமா தலையை விடுங்க. சட்டைக்கை காத்தாடியில மாட்டாம பாத்துக்கோங்க. இப்ப லேசா தண்ணி தெளிக்கிறேன், வயர் மேல மட்டும்…

தெரியுதா? நீலமா. மினுக் மினுக்குன்னு. வளையத்துல இருந்து அந்த இரும்புப் பட்டைக்குத் தாவுது. மூணாவதுலதான் நல்லாத் தெரியுது, ரெண்டாவதுலயும் லேசா இருக்கு. தண்ணிக் குழாய் மாதிரிதான் தம்பி. ஓட்டைக் குழாயை லேசாத் திறந்தா சொட்டும், வேகமாத் திறந்தா பீச்சும். மேடு ஏறும்போது எஞ்சினுக்கு அழுத்தம் ஜாஸ்தி, கரன்டு பிளக்குல பாயக் கஷ்டப்படும். வளையத்துல சுலபமா வழி கிடைக்குது, அங்க பாஞ்சுடுது. அதான் மேட்டுல நொண்டுது, அதான் மழைக்கு நொண்டுது.

அவ்வளவுதான் கோளாறு. மாறிடக் கூடாதுன்னு போட்டான் பாருங்க, அந்த வளையம்தான். வேற ஒண்ணும் இல்ல.

வெளிய வாங்க. மூச்சு முட்டுது.

இல்ல, வளையத்தை மட்டும் எடுத்துட்டுப் பழசையே போட முடியாது. ரப்பர் அறுந்துடுச்சு. புதுசுதான் போடணும், ரோல்ல வயர் இருக்கு. ஒரிஜினல் போச்சேன்னு பாக்காதீங்க, நொண்டுற ஒரிஜினலை வச்சு என்ன பண்ணப் போறீங்க? மூணாவதை முதல்ல மாத்துறேன். அளவு பாத்து வெட்டி… முனையை அழுத்தி… இந்தப் பக்கம் மூடியில, இந்தப் பக்கம் பிளக்குல. போய் ஸ்டார்ட் பண்ணுங்க.

ஆங்.

கேளுங்க. தையல் மெஷின் மாதிரி இருக்கா? நாலு பேரும் தூக்குறாங்க. இதுதான் இந்த எஞ்சினோட சத்தம். நான் இப்பத்தான் கேக்குறேன். இல்ல தம்பி, முன்னாடி கேட்டதே இல்ல. அன்னைக்கு ஓடலையே. அதுக்கப்புறம் இந்த பானட்டுக்குப் பக்கத்துல நான் நிக்கல. பத்தொம்பது வருஷம் கழிச்சு இன்னைக்குத்தான், இது எப்படி ஓடும்னு தெரியுது. நல்லா எழுப்பியிருக்கான். நல்லா இருக்கு. சிரிங்க, நீங்க எதுக்கு மூஞ்சியைத் தொங்கப் போடுறீங்க? உங்க வண்டி சரியாயிடுச்சு.

அணைச்சிடுங்க. மிச்சம் மூணையும் மாத்திடுறேன். இன்னைக்கு இல்லன்னாலும் மழைக்காலத்துல அதுவும் படுக்கும்.

என்ன, வளையத்தை எனக்கா? வேணாம் தம்பி. எனக்கு எதுக்கு? அண்ணி வீட்டுக்கு நீங்களே கூட்டிட்டுப் போறீங்களா? நல்ல மனசு உங்களுக்கு. போய் என்னத்தைச் சொல்றது.

இல்ல, அப்படி மூணையும் ஒண்ணா உருவாதீங்க. கையை எடுங்க. ஒண்ணைக் கழட்டி, மாத்தி, மாட்டி, அப்புறம்தான் அடுத்தது. நேரமானா ஆகட்டும். எழுதி வச்சா மாறாதுதான், போட்டோ எடுத்தா மாறாதுதான். தெரியும். ஆனா நான் ரெண்டு வயரை ஒரே நேரத்துல கழட்டுறதில்ல.

அன்னைக்குக் கழட்டினேன்.

அவன் சரியாத்தான் தம்பி போட்டிருந்தான். ஒண்ணு மூணு நாலு ரெண்டு, ஒரு பிசகும் இல்ல. போட்டுட்டு பெட்ரோல் பாட்டிலை எடுக்கப் பின்பக்கம் போனான். வயர்ல எண்ணெய்க் கறை இருந்துச்சு. முதல் தடவை ஸ்டார்ட் பண்றோம், நாலு பேர் வந்து பாப்பாங்க, பளிச்சுன்னு இருக்கட்டும்னு ரெண்டாவதையும் மூணாவதையும் உருவித் துடைச்சேன். வாசல்ல யாரோ கூப்பிட்டாங்க, திரும்பிப் பதில் சொல்லிக்கிட்டே மாட்டிட்டேன். அவன் வந்தான், அவன் போட்டது போட்டபடி இருக்கும்னு பாக்கல. ஏன் பாக்கப் போறான்?

ஆஸ்பத்திரியில மூணாவது நாள் பேசுனான். மூஞ்சி முழுக்கக் கட்டு, வாய் மட்டும்தான் தெரியுது. என் கையைத் தேடிப் பிடிச்சுக்கிட்டான். பாப்பா, ரெண்டையும் மூணையும் நான் மாத்திப் போட்டுட்டேனான்னு கேட்டான்.

நான் ம்-னு சொன்னேன்.

அவ்வளவுதான் சொன்னேன் தம்பி. அந்த ரெண்டாவது வயரைப் பிடிங்க, கழட்டுறேன்.